சிங்கப்பூர் எண்ணும் இருபது ரூபாய்ப் பூவும்

மயிலாடுதுறைக்குப் போய் இறங்கிய அன்று மாலை, கோயிலுக்குப் போகும் வழியில் இருபது ரூபாய்க்குப் பூ வாங்கினேன். என்னிடம் இருந்தவை எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். "சில்லறை இல்லை தம்பி, இதில் போட்டுவிடுங்கள்" என்று கூடையில் கட்டியிருந்த கியூஆர் அட்டையைக் காட்டினார் பூக்கார அம்மா. என் கைப்பேசியில் யுபிஐ இல்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் எனக்காகப் பணம் செலுத்தினார்.

இத்தனைக்கும் சிங்கப்பூரிலிருந்து அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவன் நான். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்ட பிறகு, அனுப்பிய கையோடு அம்மாவின் கைப்பேசியில் மணி அடித்துவிடுகிறது. கடல் தாண்டிப் போகும் பணம், ஊரில் என் சொந்தக் கணக்கிலிருந்து கூடைக்குப் போக மறுத்தது.

சிக்கல் கைப்பேசி எண்ணில் இருந்தது. என் வங்கிக் கணக்கில் பதிவாகியிருந்த இந்திய சிம், பயன்படுத்தாததால் எப்போதோ செயலிழந்துவிட்டது. சிங்கப்பூர் உட்படச் சில நாடுகளின் எண்களைக் கொண்டே வெளிநாடுவாழ் இந்தியர்களின் என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கானது), என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கானது) கணக்குகளை யுபிஐயில் இணைக்கலாம் என்று 2023 முதலே விதி இருக்கிறது. அதை என் வங்கிக் கிளையில் சொன்னபோது முதல் நாள் "முடியாது" என்றார்கள், இரண்டாம் நாள் "படிவம் இல்லை" என்றார்கள். மூன்றாம் நாள் வந்த இளம் அதிகாரி, பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, பான் நகல்களை வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் எண்ணை மாற்றிக்கொடுத்தார். அவருக்கு நன்றி. அந்த விவரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால், பத்து நாள் விடுப்பில் வருகிறவனுக்கு இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டு வாடகையை என் என்ஆர்இ கணக்குக்கு அனுப்பும்படி குடியிருப்பவரிடம் சொல்லியிருந்தேன். பணம் திரும்பிப் போய்விட்டது. உள்ளூர் வருமானம் பொதுவாக என்ஆர்ஓவில்தான் சேர வேண்டும். என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்கு மாற்றுவது எளிது. ஆனால் அப்படி மாற்றியதை மறுபடி என்ஆர்இக்குக் கொண்டுபோக வரிப் படிவங்கள் வேண்டும், நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு. ஆகவே செலவுக்குத் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, வங்கியில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். யுபிஐயைப் புதிதாகத் தொடங்கினால் முதல் 24 மணி நேரத்துக்குக் குறைந்த தொகைதான் அனுப்ப முடியும். வந்த அன்றே பெரிய செலவை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தைய மாலை அதே அம்மாவிடம் பூ வாங்கி ஸ்கேன் செய்தேன். திரையில் வேறொரு பெயர் வந்தது. சரிதானா என்று கேட்டேன். "என் மகள்தான். கணக்கு அவள் பெயரில். ராத்திரி எண்ணிக் கையில் கொடுத்துவிடுவாள்" என்றார், முழம் அளந்தபடியே.