68,500 ரூபாய் கொடுத்து மினி லேத் வாங்கி ஏமாந்தேன்: மதுரைப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலையோடு, அந்த மினி லேத்தை (பித்தளை, இரும்பு கடைகிற சின்ன எந்திரம்) எனக்கு விற்ற கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். என் கணவர் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறார், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். 68,500 ரூபாய். ஆற அமர எழுதலாமே என்று வீட்டில் இவர் சொன்னார். ஆறிவிட்டால் எழுதவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். பழைய எந்திரமும் புது எந்திரமும் வாங்கி விற்கிற இடம், ஊருக்கு வெளியே கிட்டங்கி. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா மதுரை ஹார்வி மில் பஞ்சாலையில் டர்னராக, அதாவது லேத்தில் கடைகிறவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய மோட்டாரை வைத்து வீட்டு மாடியில் மரக்கடைசல் பட்டறை ஒன்றை அவரே செய்துகொண்டார். அவர் போன பிறகு அது என் கைக்கு வந்தது. பம்பரம், சொப்பு, மரப் பேனா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கடைந்துகொண்டிருப்பேன். இதை நான் விற்பதில்லை. பேனாவுக்குப் பித்தளை முனையும் மூடிக்குள் போகிற சின்ன வளையமும் மட்டும் வெளியில்தான் செய்யக் கொடுக்க வேண்டியிருந்தது. லேத் பட்டறைக்காரர்களையும் குறை சொல்ல முடியாது. பெரிய வேலையை நிறுத்திவிட்டு எனக்காக ஒரு சின்ன வளையம் கடைந்து கொடுக்க அவர்களுக்கு எப்படிக் கட்டும்?

இந்த வருடம் சீட்டை நான் கடைசியாக எடுத்தேன். கமிஷன் போக 95,000 வந்தது. மகள் ஃபீஸ் 22,000 கட்டினேன். மீதி 73,000. பன்னிரண்டு வருட வேலையில் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் எனக்கென்று கையில் நின்ற பணம் அதுதான். இவர் நகை வாங்கச் சொன்னார். இல்லை, எந்திரம்தான் என்று முடிவு செய்தேன், அதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. ஒரு மாதம் யோசித்தேன்.

முதலில் பேண்ட் ஷா வாங்கலாமா என்று பார்த்தேன். கட்டையை நீளவாக்கில் அறுக்க வசதி. ஆனால் அறுவை மில்லில் கொண்டுபோய்க் கொடுத்தால் சில்லறைக் காசில் அறுத்துத் தருகிறார்கள். இழைப்பு மெஷினும் அப்படித்தான். வெளியில் சுலபமாக ஆகிற வேலைக்கு எதற்கு வீட்டில் எந்திரம்? எனக்கு வெளியில் ஆகாத வேலை பித்தளை கடைவது. அப்போ லேத். இந்தப் பணத்துக்கு ராஜ்கோட்டிலோ பட்டாலாவிலோ செய்த பழைய நாலரை அடி லேத்தே கிடைக்கும், அப்பா உயிரோடு இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பார். ஆனால் அது நூற்றுக்கணக்கான கிலோ எடை. எங்கள் பட்டறை இருப்பது மொட்டைமாடி ஷெட். மோட்டார் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ், எங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். அதனால் மினி லேத் என்று வந்தேன். 180 மி.மீ. விட்டம் வரை மாட்டலாம், 350 மி.மீ. நீளம் வரை கடையலாம், 550 வாட் மோட்டார், குமிழைத் திருப்பினால் வேகம் கூடும் குறையும், இரண்டு பேர் சேர்ந்தால் படியேற்றிவிடலாம். இவை பெரும்பாலும் சீனாவில் தயாராகிப் பல பெயர்களில், பல நிறங்களில் வருகின்றன. சிலதில் ஹெட்ஸ்டாக் (கம்பியைச் சுழற்றும் இடது பக்கப் பெட்டி) உள்ளே கியர் பிளாஸ்டிக், சிலதில் இரும்பு. வெட்டுகிற டூல் கம்பியில் சிக்கிக்கொண்டால் பிளாஸ்டிக் கியர் பல் பிய்ந்துவிடும். இதெல்லாம் தெரிந்துதான் போனேன். தெரிந்து போன என்னையே ஏமாற்றினார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பழைய சாமான் வாங்க, விற்க என்று இருக்கும் ஒரு செயலியில் விளம்பரம் பார்த்தேன். ‘புது மினி லேத், இரும்பு கியர், சக், டூல் செட், ஆறு மாத வாரண்டி, 72,000.’ படம் தெளிவாக இருந்தது. போன் செய்துவிட்டு ஒரு சனிக்கிழமை மதியம் போனோம்.

அந்த மதியத்தை நினைத்தால்தான் இன்னும் தாங்கவில்லை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். முதலில் இவரிடம்தான் பேசினார். “மெஷின் எனக்குங்க” என்றேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். “ஹார்வி மில் டர்னர் மகளா! அப்படின்னா உங்ககிட்ட நான் ஏமாத்த முடியாதே மேடம்” என்று சொன்னார். இதே வார்த்தை. டீ வரவழைத்தார். தானும் பதினாறு வயதில் கே.புதூர் பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்ததாகவும், முதல் வருடம் முழுக்கக் கடைசலில் விழும் இரும்புச் சுருள் கூட்டித் தள்ளியதாகவும் சொன்னார். எங்கள் அப்பாவும் மில்லில் அப்படித்தான் தொடங்கினார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்புறம் முன் மேசையில் இருந்த மெஷினை ஓட்டிக் காட்டினார். 20 மி.மீ. பித்தளைக் கம்பியைச் சக்கில் (கம்பியைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாட்டி, மெதுவாக ஒரு வெட்டு எடுத்தார். சத்தமே இல்லை. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. “நீங்களே ஓட்டுங்க” என்று கைப்பிடியைக் கொடுத்தார். ஓட்டினேன். கை நடுங்கியது, சந்தோஷத்தில். பிறகு அவரே டயல் கேஜை (ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) எடுத்துவந்து, சக்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலில் வைத்து, கையால் சுற்றிக் காட்டினார். முள் ஒன்றரைக் கோடு ஆடியது. ஒரு கோடு என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இந்த விலை மெஷினுக்கு அது அருமையான அளவு. டயல் கேஜ் வைத்துக் காட்டுங்கள் என்று நான் கேட்கவே இல்லை, அவராகக் காட்டினார். கேட்காமலே காட்டுகிற மனுஷனை எப்படிச் சந்தேகப்படுவது?

அந்த மெஷினின் டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் பாகம்) கைச்சக்கரத்தில், விளிம்பில், நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது. “இதுக்கு என்ன செய்யப் போறீங்க?” என்று விளையாட்டாகக் கேட்டேன். “வண்டில இறக்கும்போது இடிச்சுது, வேலைக்கு ஒண்ணும் இல்ல” என்றார். அந்த வெட்டை நான் மறக்கவில்லை. அதனால்தான் இன்று இவ்வளவு உறுதியாக எழுத முடிகிறது.

பணத்துக்கு வந்தோம். பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் மேலே வரும், பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் 72,000-இல் 3,500 குறைத்துக்கொள்கிறேன் என்றார். இந்த இடத்தில் நான் சரி என்றிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். 5,000 அட்வான்ஸை யுபிஐயில் போட்டேன், அதில் வந்த பெயர் கடைப் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. “வீட்டம்மா அக்கவுண்ட் மேடம்” என்றார். மீதி 63,500 திங்கட்கிழமை ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மொத்தம் 68,500. கையில் கிடைத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. அதில் ‘லேத் 1’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மாடல் இல்லை, மெஷின் நம்பர் இல்லை.

மெஷினைப் பெட்டி அடித்து அனுப்புகிறேன், திருவிழாக் கூட்டத்தில் வண்டி உள்ளே வராது, மீனாட்சி கல்யாணத்துக்கு முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன் என்றார். சொன்னபடி குட்டியானையில் வந்தது. நல்ல மரப்பெட்டி. ஓட்டுநர் இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். பெட்டியைப் பிரித்தபோது இரவு ஏழு மணி.

நிறம் அதே நிறம். டெயில்ஸ்டாக் சக்கரத்தில் அந்த வெட்டு இல்லை.

மாற்றிக் கொடுத்திருக்கிறார், நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் விரலை வைத்துப் பார்த்தால் பெயிண்ட் ஒட்டுகிறது. நேற்று அடித்த பெயிண்ட். டூலை முன்னும் பின்னும் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் டூல் நகர்கிறது. டூலைத் தாங்கி நகரும் கேரேஜைச் சக் பக்கம் கொண்டுவந்தால் லொடலொடவென்று ஆடுகிறது, டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளினால் இறுகுகிறது. கேரேஜ் ஓடுகிற அடித்தண்டவாளத்தில் (பெட்) எப்போதும் வேலை நடக்கிற சக் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். புது மெஷினில் தேய்மானம் எங்கிருந்து வரும்? பின்மூடியைக் கழற்றினேன். வெள்ளை பிளாஸ்டிக் கியர், இரண்டு பல் இல்லை. அப்பாவின் டயல் கேஜை வைத்தேன். முள் பதினான்கு கோடு ஆடியது. ஒன்றரை எங்கே, பதினான்கு எங்கே! பித்தளைக் கம்பி போட்டு ஒரு வெட்டு எடுத்ததில், சக் பக்கம் ஒரு அளவு, 100 மி.மீ. தள்ளி கால் மில்லிமீட்டர் வித்தியாசம். பத்தாவது நிமிஷம் மோட்டார் கன்ட்ரோல் பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்து நின்றுவிட்டது. இன்றுவரை ஓடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத் தேதி வாரியாகக் குறித்துவைத்திருக்கிறேன். அடுத்த நாள் கூப்பிட்டதற்கு, “புது மெஷின் அப்படித்தான் மேடம், ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்.” ஓடவே இல்லையே என்றேன். “உங்க வீட்ல வோல்டேஜ் கம்மியா இருக்கும்.” அதற்கடுத்த நாள், “வண்டில அடிபட்டிருக்கும், வண்டிக்காரரைக் கேளுங்க.” வண்டியை அனுப்பியதே அவர்தான். பிறகு, “மெக்கானிக் சாயங்காலம் வருவார்.” மூன்று சாயங்காலம் காத்திருந்தேன். அப்புறம், “அழகர் ஆத்துல இறங்கட்டும் மேடம், ஊரே திருவிழால இருக்கு, லேபர் கிடைக்கல.” அழகர் ஆற்றில் இறங்கினார், மலைக்கும் திரும்பிப் போய்விட்டார். மெக்கானிக் வரவில்லை. ஒருநாள் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். “சார்கிட்ட போனைக் குடுங்க, உங்களுக்கு டெக்னிக்கலா சொன்னா புரியாது” என்றார். ஹார்வி மில் டர்னர் மகளை ஏமாற்ற முடியாது என்று டீ வாங்கிக் கொடுத்த அதே வாய்.

நேற்று தம்பியைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். முன் மேசையில் ஒரு லேத் நின்றது. நேராகப் போய் டெயில்ஸ்டாக் சக்கரத்தைப் பார்த்தேன். அந்த வெட்டு இருந்தது. சக்கில் பாதி கடைந்த பித்தளைக் கம்பிகூட மாட்டியிருந்தது. பக்கத்தில் மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் டீ குடித்துக்கொண்டு நின்றான். “நான் ஓட்டிப் பார்த்து பணம் கட்டின மெஷின் இதுதான்” என்றேன். “அது வேற மெஷின், நேத்துதான் வந்துச்சு” என்றார், கண்ணைப் பார்த்துக்கொண்டே. போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அன்றைக்கு என் போனில் பளபளத்த பித்தளையைப் படம் எடுத்தேன், மெஷின் நம்பர் தகட்டை எடுக்கவில்லை. அந்தப் பையனிடம் மட்டும் “தம்பி, பணம் கட்டிடாத” என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டானோ என்னவோ.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். அறிமுகம் செய்துவைப்பது மட்டுமே எங்கள் வேலை, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று பதில். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதே படத்தோடு. நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன். பில் கேட்டார்கள். எஸ்டிமேட் சீட்டும் 5,000-க்கான யுபிஐ ரசீதும்தான் என்னிடம் இருக்கிறது. 63,500-க்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆனாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகளில் ‘ரேட் 68,500 ஃபைனல் மேடம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பித்தான் இருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு விளக்கமாக எழுதவேண்டும் என்றுதான் தொடங்கினேன், இப்போது நேரமில்லை. அவசரமாக இது மட்டும். ஓட்டிப் பார்த்த மெஷினின் நம்பர் தகட்டைப் படம் எடுங்கள், அதே நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள், ஜிஎஸ்டி போனால் போகட்டும். பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுக் கடைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். நம் மாநிலத்துக் கடை என்றால் எண் 33-இல் தொடங்கும். பெட்டி அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், முடிந்தால் அதே வண்டியில் ஏறி வாருங்கள். கேரேஜைச் சக் பக்கம் வைத்து ஆட்டிப் பாருங்கள். வேறு பெயருக்கு யுபிஐ போகிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய டூல், அளவெடுக்கிற வெர்னியர் மாதிரி சின்னச் சாமான் வேண்டும் என்றால் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம், ஏமாந்தாலும் நூறு இருநூறோடு போகும். இங்கே எனக்குப் போனது 68,500.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது சமீபத்தில் நீல நிற மினி லேத், டெயில்ஸ்டாக் சக்கர விளிம்பில் நகக்கண் அளவு வெட்டு இருந்ததை ஓட்டிப் பார்த்துவிட்டு, வெட்டு இல்லாத மெஷின் வீட்டுக்கு வந்திருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். மனுவில் உங்களையும் சேர்த்துப் போடலாமா என்று வக்கீலிடம் கேட்கிறேன். அந்த மேலூர்ப் பையனைத் தெரிந்தவர்கள் இருந்தால் அவனிடம் இதைக் காட்டுங்கள், இன்றைக்கே.