எம்எஸ்சி ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிப்பவர்களுக்கு மாலிக்யூல் மாடல் கிட் (அணு உருண்டைகளைக் குழாய்களால் இணைத்து மூலக்கூறு செய்து பார்க்கும் பெட்டி) தேவையா?

கட்டாயம் தேவை. ஸ்டீரியோகெமிஸ்ட்ரி (மூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்பு) பேப்பருக்காக ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் கிட் இது, கார்பன் கறுப்பு, ஆக்சிஜன் சிவப்பு என்று வழக்கமான நிறங்கள்தான். ஆறு கார்பன் வளையமான சைக்ளோஹெக்சேனின் நாற்காலி போன்ற சேர் வடிவத்தைத் தாளில் எவ்வளவு வரைந்தாலும் பிடிபடாத ரிங் ஃபிளிப் (வளையம் ஒரு சேர் வடிவிலிருந்து இன்னொன்றுக்குப் புரள்வது), கையில் வைத்து ஒரு முனையைத் தூக்கி மறுமுனையைக் கீழே தள்ளியதும் சட்டென்று புரிந்துவிடுகிறது, ஆக்சியலில் (வளையத்துக்குச் செங்குத்தாக) இருந்த மெத்தில் ஈக்வடோரியலுக்கு (பக்கவாட்டுக்கு) போய்விடும். அப்புறம் இரண்டு வளையங்கள் ஒட்டிய டிரான்ஸ் டெகாலினைச் செய்து புரட்டிப் பாருங்கள், புரளவே புரளாது.

ஈ2 எலிமினேஷனுக்குத்தான் (ஹைட்ரஜனும் குளோரின் போன்ற தொகுதியும் ஒரே படியில் வெளியேறி இரட்டைப் பிணைப்பு உருவாகும் வினை) இந்த கிட் பெரிய உதவி. குளோரின் நிற்கும் திசையில் மட்டும் வேறுபடும் இரண்டு சேர்மங்களில், நியோமென்தைல் குளோரைடு, மென்தைல் குளோரைடைவிட சுமார் 200 மடங்கு வேகமாக வினைபுரியும். இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். இந்த வினைக்குக் குளோரின் ஆக்சியலில் இருக்க வேண்டும்; மென்தைலில் அது ஆக்சியலுக்கு வர வளையத்தில் உள்ள மூன்று தொகுதிகளும் சேர்ந்து ஆக்சியலாக வேண்டும், மாடலைப் பார்த்தாலே அந்த நெருக்கடி தெரியும்.

குறை என்றால், இரட்டைப் பிணைப்புக்கான வளையும் குழாய்கள் சீக்கிரம் தளர்ந்துவிடுகின்றன. கார்பன் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கள், நான்கு வளையங்கள் ஒட்டிய ஸ்டீராய்டு சட்டகத்துக்கு மட்டுமே 17 வேண்டும். பள்ளி மாணவர்களுக்கான சின்னப் பெட்டி பெரும்பாலும் போதாது.