நீதிமன்றமா, ஷெரிஃப் அலுவலகமா?

ஸ்டேசி ஆப்ராம்ஸின் ‘வைல் ஜஸ்டிஸ் ஸ்லீப்ஸ்’ (2021) என்ற த்ரில்லர் நாவல் வாஷிங்டனில் நடக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் கோமாவுக்குப் போக, அவருக்காக முடிவெடுக்கும் பொறுப்பு உதவியாளர் ஏவரி கீன் தலையில் விழுகிறது. சதுரங்கப் புதிர், கம்பெனி இணைப்பு, மேலிடத்துச் சதி என்று வேகத்துக்குக் குறைவில்லை. ஊர், சனம் என்று மட்டும் எதுவும் மனதில் நிற்காது.

எஸ்.ஏ. காஸ்பியின் ‘ஆல் தி சின்னர்ஸ் பிளீட்’ (2023) அப்படியல்ல. வர்ஜீனியாவில் ஒரு கற்பனைக் கவுன்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. அதன் முதல் கறுப்பின ஷெரிஃப், அதாவது காவல் தலைவர், டைட்டஸ் கிரவுன். பள்ளியில் ஓர் ஆசிரியர் கொல்லப்படுகிறார்; சுட்டவனை டைட்டஸின் ஆட்களே சுட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காக நின்ற தென்மாநிலத் தரப்பின் சிலைக்காகக் கொடி பிடிப்பவர்கள், இன்னொரு பக்கம் அவரையே சந்தேகமாகப் பார்க்கும் சொந்த சனம். வன்முறை கொஞ்சம் தூக்கல்தான்.

ரயில் பயணத்துக்கு என்றால் முதலாவது போதும். நான் திரும்ப எடுப்பது காஸ்பியைத்தான்.