கிட்டாரில் வாங்கிய கையெழுத்து: சில வருடம் கழித்து எது நிற்கிறது?

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட கிட்டார் இரண்டு இருக்கின்றன. என்னுடையது எலக்ட்ரிக், தம்பியுடையது அக்கூஸ்டிக். தருமபுரியில் திருவிழாக் கச்சேரிக்கு வந்த கிட்டார் கலைஞர் ஒருவர், ஒரே ராத்திரியில் இரண்டிலும் போட்டுக் கொடுத்தார். என்னுடையது இன்றும் புதுசாக இருக்கிறது. தம்பியுடையதில் பாதிதான் மிச்சம். எந்தப் பேனா, எந்த இடம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தம்பி நீட்டியது சாதாரண கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர். அதில் இருப்பது ஆல்கஹாலில் கரைந்த சாயம். தண்ணீர் பட்டால் அசையாது, வெயிலும் ஆல்கஹாலும்தான் அதற்கு ஆகாது. அவன் கிட்டாரை மாட்டியிருந்தது மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில். ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தும் பயனில்லை. சாதாரணக் கண்ணாடி, சாயத்தை வெளுக்க வைக்கும் யுவி-ஏ என்ற புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். எங்கள் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். முதல் கோடையிலேயே கறுப்பு மங்கி, ஓரமெல்லாம் ஊதா கலந்த பழுப்பாகிவிட்டது.

அப்புறம் இடம். கையெழுத்து விழுந்தது, வாசிக்கும்போது வலது முன்கை படிகிற வளைவில். வியர்வையும் சட்டைக் கையும் தேய்த்துத் தேய்த்து, கடைசி எழுத்தின் சுழி முழுக்கப் போய்விட்டது. 2020-இல் சானிடைசர் ஈரம் காயாத கையோடு எடுத்ததில், நடு எழுத்து ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

நான் கொண்டுபோனது ஆயில் பெயிண்ட் மார்க்கர். குலுக்கி முனையை அழுத்தினால் பெயிண்ட் இறங்கும் வகை. இதில் இருப்பது நிறமித் துகள், அதனால் வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. கையெழுத்து வாங்கியது வெள்ளை பிக்கார்டின் (கம்பி மீட்டும் பிக் கிட்டாரைக் கீறாமல் இருக்க மேலே திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகடு) கீழ் மூலையில், பிக் அடிக்கும் வழியிலிருந்து தள்ளி. பாலிஷும் விரல் பிசுக்கும் போகத் துடைத்து வைத்திருந்தேன். போட்ட பிறகு ஒரு நாள் முழுக்க யாரையும் தொட விடவில்லை.

மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரியில் கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம், பழைய பிளாஸ்டிக் துண்டில் இரண்டு பேனாவாலும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஒரே அடியா ஈரமா அடிச்சா எழுத்து ஓடிரும் தம்பி, பனி மாதிரி தூவித் தூவிக் காய விடணும்" என்றார். கிளியரில் இருக்கிற தின்னர் மையைக் கரைப்பதுதான் காரணம். கனமாக அடித்த பக்கம் மார்க்கர் எழுத்து மேகமாகப் பரவியது. மெல்லத் தூவிய பக்கம் பெயிண்ட் எழுத்து அப்படியே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் என் பிக்கார்டைக் கொடுத்தேன்.

கோட் அடிக்க பிக்கார்டைக் கழற்ற வேண்டும். என்னுடையது ஸ்ட்ராட் என்ற எலக்ட்ரிக் மாடல், பிக்கார்டில் 11 திருகு. கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நாபும் அதிலேயேதான் பொருத்தியிருக்கும். ஒயர் பற்றவைப்பை எடுத்து மறுபடி வைக்கத் தெரிந்தவர் கழற்றுவதே நல்லது. கெட்டியாக்கும் ஹார்ட்னரைக் கலந்து அடிக்கும் 2கே (இரண்டு பாக) கிளியரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு, நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க் போதாது, வீட்டில் அடிக்க வேண்டாம்.

தம்பி கிட்டாருக்கு நான் எதுவும் அடிக்க விடவில்லை. அக்கூஸ்டிக் மேல்பலகையில் கனமான கோட் ஏறினால் சத்தம் அடங்கும், மிச்சமிருக்கிற மையும் ஓடிவிடும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார்கள். உரிக்கும்போது மையும் கூடவே வந்துவிடும் என்பதால் அதுவும் வேண்டாமென்றேன். இப்போது பெட்டியில் வைக்கிறான், வாசிக்கும்போது முன்கைக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி போட்டுக்கொள்கிறான், அந்தப் பக்கம் பாலிஷ் போடுவதில்லை. அதன்பின் மங்கியதாகத் தெரியவில்லை. மங்கிய கோட்டின் மேல் நாமே எழுதிக் கறுப்பாக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அதோடு அது அவர் கையெழுத்தே இல்லாமல் போய்விடும்.

எலக்ட்ரிக் வைத்திருப்பவர்கள், உங்கள் மாடலுக்குப் பொருந்தும் உதிரி பிக்கார்டு ஒன்று வாங்கி, அதையும் பெயிண்ட் மார்க்கரையும் மட்டும் கச்சேரிக்கு எடுத்துப் போங்கள். கிட்டாரைக் கூட்டத்தில் சுமக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து நிதானமாகக் காயவைத்து மாட்டிக்கொள்ளலாம்.