பெயர் உறுத்தினால்: விளக்கமா, விலகலா, மாற்றமா?

"எங்கள் மொழியில் அது கெட்ட வார்த்தை இல்லையே!" ஒரு பெயர் ஆபாசமாகவோ இழிவாகவோ ஒலிக்கிறது என்று யாராவது சொன்னதும் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான். சில சமயம் அது உண்மையும்கூட.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். தமிழ்க் காதுக்கு ஒன்றும் உறுத்தாது. ஆங்கிலத்திலோ நொண்டி நடப்பவரை ஏளனம் செய்யும் சொல். குழுவினர் விளக்கம் சொன்னார்கள், பெயரை மாற்றவில்லை. வேலை மிச்சம்தான், ஆனால் அதே புகார் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருந்தது.

பொறுக்காத சிலர் 2019இல் தனியே பிரிந்து கிளிம்ப்ஸ் என்ற பெயரில் அதே மென்பொருளை வெளியிட்டார்கள். 2021இல் அது நின்றுபோனது. பெயருக்காக மொத்த மென்பொருளையும் பராமரிப்பது யாரால் முடியும்? விளக்கம், விலகல், மாற்றம் என்ற மூன்றில் இந்த விலகல்தான் மோசமான வழி என்பேன்.

மாற்றுவது என்று முடிவெடுத்தாலும் எப்படி முடிவெடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல். நிப்ஸ் என்று சுருக்கி அழைக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அந்தச் சுருக்கம் முலைக்காம்புக்கான கொச்சைச் சொல். ஜப்பானியரை இழிக்கும் சொல்லும்கூட. 2018இல் கருத்துக் கேட்டார்கள், ஒருமித்த கருத்து இல்லை, பெயர் மாறாது என்றார்கள். எதிர்ப்பு வலுத்தது. சில வாரங்களில் நியூரிப்ஸ் ஆனது. கருத்துக் கணிப்பு இங்கே தப்பான கருவி என்று எனக்குத் தோன்றுகிறது: பெயரைக் கேட்டுக் கூசுகிறவர்கள் சிறுபான்மை, கூசாதவர்களோ எண்ணிக்கையில் வெல்வார்கள்.

காக் விஷயத்தில் இன்னும் நிதானம். கணிதச் சான்றுகளைச் சரிபார்க்கும் இந்தப் பிரெஞ்சு மென்பொருளின் பெயருக்குப் பிரெஞ்சில் சேவல் என்று பொருள், ஆங்கிலக் காதில் ஆணுறுப்பு. தன் ஆராய்ச்சியைச் சொல்ல வாயெடுக்கும் பெண் எதிரில் இருப்பவரின் இளிப்பையும் தாங்க வேண்டும். 2023இல் ராக் என்று மாற்றப்போவதாக அறிவித்தார்கள். 2025இல்தான் அந்தப் பெயரோடு பதிப்பு வந்தது. ஓசை பழையதை ஒட்டியது, பறவையும் போகவில்லை: ராக் என்பது கதைகளில் வரும் ராட்சதப் பறவை.

அவகாசம் தருவதென்றால், உலக சுகாதார நிறுவனம் குரங்கம்மைக்கு ஆங்கிலத்தில் எம்பாக்ஸ் என்று 2022 நவம்பரில் பெயரிட்டபோது செய்ததையும் பார்க்கலாம். பழைய பெயரும் ஓராண்டு கூடவே புழங்கலாம் என்றார்கள்.