இரண்டு நாளா, ஆறு மணி நேரமா, மூன்று மணி நேரமா: ரஷ்யக் கலங்கள் விண்வெளி நிலையத்தைப் பிடிக்கும் மூன்று வழிகள்

கஜகஸ்தானின் பைகனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பும் சோயுஸும் (ஆள் ஏறும் கலம்) புரோகிரஸும் (ஆளில்லாச் சரக்குக் கலம்) சர்வதேச விண்வெளி நிலையத்தைப் போய்ச் சேர இன்று மூன்று வழிகள் உண்டு. பூமியை 34 சுற்று, அதாவது இரண்டு நாள். 4 சுற்று, ஆறு மணி நேரம். 2 சுற்று, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். கலமும் ராக்கெட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எந்தச் சுற்றில் எஞ்சினை எரிப்பது, எவ்வளவு நேரம் எரிப்பது என்ற அட்டவணைதான் மாறுகிறது.

செய்திகளில் கைதட்டல் எல்லாம் மூன்று மணி நேரப் பயணத்துக்குத்தான். ஆனால் மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இரண்டு நாள் வழியைத்தான் வைத்துக்கொள்வேன். ஆள் ஏறும் கலத்துக்கு வேக வழி நல்லது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. அந்த வேக வழிக்கு ஒரு தடங்கல் வந்தால் கைகொடுப்பது இரண்டு நாள் வழி என்பதுதான் என் வாதம்.

வெளிப்படையாகத் தெரிபவற்றை முதலில் சொல்லிவிடலாம். சீக்கிரம் போனால் உணவு, தண்ணீர், ஆக்சிஜன் செலவு குறையும். குளிர்பதனத்தில் போக வேண்டிய உயிரியல் மாதிரிகள் கெடாமல் சேரும். சோயுஸின் இறங்குகலம், சுற்றுகலம் இரண்டையும் சேர்த்தாலே ஆள் புழங்கும் இடம் பத்து கனமீட்டருக்குள்தான். அதில் மூன்று பேர் இரண்டு நாள் இருப்பது யாருக்கும் சுகமில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டு முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

எல்லாமே அந்த ஒரு கோணத்தில்

ராக்கெட் கலத்தைக் கொண்டுபோய் விடும் முதல் பாதை ஏறத்தாழ 200-க்கு 240 கிலோமீட்டர். நிலையம் இருப்பதோ 420 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில். தாழ்ந்த பாதையில் இருப்பது சீக்கிரம் சுற்றி வரும். கலத்துக்கு ஒரு சுற்று 88 நிமிடச் சொச்சம், நிலையத்துக்கு 93 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த நாலு நிமிடச் சொச்ச வித்தியாசத்தால் கலம் ஒவ்வொரு சுற்றிலும் நிலையத்தை 16 பாகை நெருங்குகிறது. கைக்கணக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: உயர வித்தியாசம் 100 கிலோமீட்டர் என்றால் சுற்றுக்கு 8 பாகை. கலம் மேலே ஏற ஏற இந்த நெருக்கம் குறைந்துகொண்டே வரும்.

கலம் பாதையில் போய்ச் சேரும் நேரத்தில் நிலையம் அதற்கு எத்தனை பாகை முன்னால் இருக்கிறது? இதுதான் கட்டக் கோணம். மூன்று வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

இரண்டு சுற்று வழியில், ஏறிக்கொண்டே துரத்துவதால், மொத்தமாக ஈடுகட்டக்கூடியது இருபது பாகை அளவுக்குத்தான். அதிலும் இங்கே அங்கே நகர இடம் மிகக் குறைவு. நாலு சுற்று வழி ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கும். 34 சுற்று வழியின் கணக்கே வேறு. கலத்தைத் தாழ்வாகவே ஓடவிட்டால் 32 சுற்றில் 500 பாகைக்கு மேல் நெருங்கலாம். நிலையத்துக்கு 80 கிலோமீட்டர் கீழே ஒரு நடுப்பாதையில் நிறுத்தினால் 200 பாகை. இன்னும் உயரத்தில் நிறுத்தினால் அதைவிடக் குறைவு. ஆக, நிலையம் வட்டத்தில் எங்கே இருந்தாலும் நடுப்பாதையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்தே பிடித்துவிடலாம். நடைமுறையில் கட்டுப்பாட்டு மையம் இதைவிடக் குறுகிய வரம்பைத்தான் வைத்துக்கொள்ளும். அப்படியும் வேக வழிகளின் வரம்பு இதன் அருகில் வராது.

இப்போது ஏவுதல் ஒரு நாள் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி சுழல்வதால், நிலையம் சுற்றும் பாதையின் தளத்துக்குள் பைகனூர் மறுபடி வருவது 23 மணி 36 நிமிடம் கழித்து. அதற்குள் நிலையம் பதினைந்தேகால் சுற்று போயிருக்கும். பதினைந்து முழுச் சுற்றால் ஒன்றும் மாறாது. அந்தக் கால் சுற்றுதான் வம்பு. கட்டக் கோணம் 90 பாகைக்கு மேல் நகர்ந்துவிடும். இருபது பாகை இடுக்கில் போக வேண்டிய கலத்துக்கு மறுநாள் அந்த இடுக்கு இருக்கவே இருக்காது.

இது ஏட்டுக்கணக்கு மட்டும் அல்ல. இரண்டு சுற்று வழியை முதலில் முயல இருந்தது புரோகிரஸ் எம்எஸ்-07. 2017 அக்டோபர் 12 அன்று கடைசி நேரத்தில் ஏவுதல் நின்றது. அக்டோபர் 14 அன்று கிளம்பியபோது இரண்டு நாள் வழியில்தான் போனது. அடுத்த முயற்சி எம்எஸ்-08. 2018 பிப்ரவரி 11 அன்று நின்று, 13 அன்று கிளம்பியது. அதுவும் இரண்டு நாள். கடைசியில் 2018 ஜூலையில் எம்எஸ்-09தான் சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, 3 மணி 40 நிமிடத்தில் இணைந்தது.

ஆள் ஏறிய கலத்துக்கும் இதே கதை நடந்தது. 2024 மார்ச் 21 அன்று சோயுஸ் எம்எஸ்-25 ஏவுதல் சுமார் 20 வினாடி மிச்சமிருக்கும்போது நிறுத்தப்பட்டது. காரணம் மின்கலம் ஒன்றின் மின்னழுத்தக் குறைவு. மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம், 23 அன்று கிளம்பி 25 அன்று இணைந்தது. நொவிட்ஸ்கி, வசிலெவ்ஸ்கயா, டைசன் மூவரும் அந்த இரண்டு நாளைக் கலத்துக்குள் கழித்தார்கள். 34 சுற்று அட்டவணை கையில் இல்லாமல் இருந்திருந்தால், கோணம் மறுபடி ஒத்துவரும் நாளுக்காக ராக்கெட்டை மேடையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அல்லது நிலையத்தை நகர்த்த வேண்டும்.

நிலையத்தை நகர்த்துவதும் நடப்பதுதான். வேக வழி ஏவுதலுக்கு முன்னால் நிலையத்தில் இணைந்திருக்கும் புரோகிரஸ் அல்லது நிலையத்தின் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவின் எஞ்சின்களை எரித்து நிலையத்தின் உயரத்தைச் சரிசெய்வார்கள். ஒரு கிலோமீட்டர் உயர்த்தினால் நிலையத்தின் சுற்று நேரம் 1.2 வினாடி கூடும். நாளைக்கு 15 சுற்றுக்கு மேல் என்பதால் ஒரு நாளில் 1.2 பாகை, ஒரு மாதத்தில் 35 பாகைக்கு மேல் நகரும். அந்த ஒரு கிலோமீட்டருக்குத் தேவை வினாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேலான வேக மாற்றம். 420 டன் எடைக்கு அது சுமார் 80 கிலோ எரிபொருள். காற்று உராய்வால் இறங்கும் உயரத்தை எப்படியும் மீட்க வேண்டியிருப்பதால் இது வீண் செலவு இல்லை. ஆனால் ஒரு மாதம் முன்னால் திட்டமிட்டால்தான் இவ்வளவு மலிவு. இரண்டு நாளில் 90 பாகையை நகர்த்த நிலையத்தைக் கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் தூக்க வேண்டும். அதை யாரும் செய்ய மாட்டார்கள். தவிர, வரப்போகும் ஏவுதலுக்கும், திரும்பப் போகும் கலம் கஜகஸ்தான் புல்வெளியில் சரியான இடத்தில் இறங்குவதற்கும், குப்பைத் துண்டு ஏதாவது குறுக்கே வந்தால் விலகுவதற்கும் ஒரே உயரத்தைத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாத சமயங்களில் முதலில் கைவிடப்படுவது வேக வழிதான். 2015 செப்டம்பரில் சோயுஸ் டிஎம்ஏ-18எம் இரண்டு நாள் போனது இந்த மாதிரிக் காரணத்தால்.

நடுவழியில் ஒரு உந்துதல் தவறினால்

2014 மார்ச் 25 அன்று கிளம்பிய சோயுஸ் டிஎம்ஏ-12எம் ஆறு மணி நேர வழியில் போக வேண்டியது. முதல் இரண்டு உந்துதலும், அதாவது எஞ்சின் எரிப்பும், சரியாக நடந்தன. மூன்றாவதுக்குக் கலம் வேண்டிய திசையில் திரும்பி நிற்கவில்லை. கணினி எஞ்சினை எரிக்கவில்லை. எரித்திருந்தால்தான் ஆபத்து. ஸ்க்வோர்ட்சோவ், அர்டெமியேவ், ஸ்வான்சன் மூவரும் பத்திரமாகவே இருந்தார்கள். தரையில் புதுக் கணக்குப் போட்டு 34 சுற்று அட்டவணைக்கு மாற்றினார்கள். 27 அன்று இணைப்பு நடந்தது.

இதனால்தான் மூன்று மணி நேரத்தில் போகும் சோயுஸிலும் பல நாளுக்கான உணவு, ஆக்சிஜன், மின்சாரம் ஏற்றப்படுகிறது. வேக வழியால் கலத்தின் எடையில் பெரிய மிச்சம் வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1970-களில் சோவியத்தின் சல்யூட் நிலையங்களுக்குப் போய்வந்த சோயுஸ்களில் சூரியத் தகடுகளை எடுத்துவிட்டு வெறும் பேட்டரி வைத்தார்கள். இரண்டு நாள்தான் தாங்கும். 1974-இல் சோயுஸ் 15, 1976-இல் சோயுஸ் 23, 1977-இல் சோயுஸ் 25 எல்லாம் இணைப்பு கைகூடாமல் உடனே திரும்ப வேண்டியதாயிற்று. சோயுஸ் 23 உறைந்துகொண்டிருந்த தெங்கிஸ் ஏரியில் இரவில் போய் விழுந்தது. கையில் நேர இருப்பு இல்லாத கலத்தின் நிலைமை அது.

2019 ஆகஸ்டில் ஆளில்லாமல் போன சோயுஸ் எம்எஸ்-14 இதற்கு நேர்மாறு. 24 அன்று நிலையத்தின் பொயிஸ்க் இணைப்பு முனையை நெருங்கியபோது, கலத்தைத் தானாக இணைய வழிநடத்தும் குர்ஸ் என்ற ரேடியோ கருவியில் நிலையத்தின் பக்கம் இருந்த கோளாறால் இணைய முடியவில்லை. உள்ளே ஆள் இல்லாததால் கைமுறையில் ஓட்டவும் வழியில்லை. புரோகிரஸில் இருப்பதுபோல் நிலையத்திலிருந்து ஓட்டும் டோரு கருவியும் அதில் கிடையாது. கலம் விலகிப் போய்க் காத்திருந்தது. 26 அன்று நிலையத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே இணைந்திருந்த சோயுஸ் எம்எஸ்-13-ஐ ஸ்வெஸ்தாவிலிருந்து பொயிஸ்குக்கு மாற்றி ஸ்வெஸ்தா முனையைக் காலிசெய்தார்கள். 27 அன்று எம்எஸ்-14 ஸ்வெஸ்தாவில் இணைந்தது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். நேர இருப்பு எல்லாக் கோளாறுக்கும் மருந்தாகாது. 2015 ஏப்ரலில் புரோகிரஸ் எம்-27எம் ராக்கெட்டிலிருந்து பிரியும்போதே சேதமடைந்து சுழலத் தொடங்கியது. ஆறு மணி நேர வழியைக் கைவிட்டு இரண்டு நாள் வழிக்கு மாற்றிப் பார்த்தும் பயனில்லை. மே 8 அன்று அது வளிமண்டலத்தில் எரிந்தது.

வேக வழியின் பக்கம்

நாலு சுற்று வழி 2012 ஆகஸ்டில் புரோகிரஸ் எம்-16எம்-இல் தொடங்கியது. மூன்று புரோகிரஸ்களில் பார்த்துவிட்டு, 2013 மார்ச்சில் சோயுஸ் டிஎம்ஏ-08எம்-இல் வினோகிராதோவ், மிசூர்கின், காசிடி மூவரையும் ஏற்றினார்கள். முதலில் சரக்குக் கலம், பிறகு ஆள் என்ற இந்த வரிசை சரியானது. இரண்டு சுற்றிலும் அப்படியே செய்தார்கள். 2020 அக்டோபரில் சோயுஸ் எம்எஸ்-17 மூன்று மணி மூன்று நிமிடத்தில் இணைந்தது.

இது முன்பே ஏன் முடியவில்லை? சல்யூட் காலத்தில் ஒரு நாள் வழி வழக்கம். ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11-இல் கிளம்பி மறுநாள்தான் சல்யூட் 7-இல் இணைந்தார். பாதையை ரஷ்யத் தரை நிலையங்கள் அளந்து, உந்துதல் கணக்கைத் தரையில் போட்டு, கலம் மேலே வரும்போது அனுப்ப வேண்டும். நாள்தோறும் தொடர்ந்து பல சுற்றுகள் அந்த நிலையங்களின் கண்ணில் படாமலே போகும். பழைய ஆர்கான் கணினிக்குப் பதிலாகப் புதிய எண்முறைக் கணினி வந்த பிறகு, முதல் இரண்டு உந்துதலைக் கலமே முன்கூட்டி ஏற்றிய கணக்கின்படி செய்ய முடிந்தது. எம்எஸ் வரிசையில் செயற்கைக்கோள் வழிகாட்டியும், லுச் செயற்கைக்கோள்கள் வழித் தொடர்பும், குர்ஸ்-என்ஏ கருவியும் சேர்ந்தன. இரண்டு சுற்றுக்கு இவை வேண்டும்.

ஆள் ஏறும் கலத்துக்கு வேக வழி நல்லது என்பதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் விண்வெளிக் குமட்டல். அது முதல் இரண்டு நாளில்தான் படுத்தும். இரண்டு நாள் வழியில் அந்த நேரம் முழுக்கக் கலத்துக்குள் கழியும். எரிபொருளை மிச்சம் பிடிக்கத் தகடுகளைச் சூரியனுக்குக் காட்டி, கலத்தை வினாடிக்கு 2 பாகை வீதம் மெதுவாகச் சுழலவும் விடுவார்கள். வயிற்றுக்கு அது உதவாது. இரண்டாவது காரணம் மின்சாரம். 2014-இல் டிஎம்ஏ-14எம், 2015-இல் டிஎம்ஏ-17எம் இரண்டிலும் ஒரு சூரியத் தகடு விரியாமல் நின்றது. ஆறு மணி நேரப் பயணத்துக்கு மறு தகடு போதும். இரண்டிலும் இணைந்த பிறகு அது தானாக விரிந்துகொண்டது. இரண்டு நாள் என்றால் மின்சாரக் கணக்கு இறுகியிருக்கும்.

ஆறு மணி நேரத்தின் குறை, அந்த நாள் மிக நீண்டுவிடுவது. ஏவுதலுக்குப் பல மணி முன்பே எழுந்து, சோகோல் என்ற விண்வெளி உடையில் ஒடுங்கிக் கிடந்து, இணைந்த பின்னும் கசிவுச் சோதனை முடித்துக் கதவு திறக்கும்வரை தூக்கமில்லை. மூன்று மணி நேர வழி இதைப் பெரிதும் குறைத்துவிட்டது. களைப்பு முற்றுவதற்கு முன்பே கடைசி நெருக்கம் நடக்கிறது. 2021 அக்டோபரில் சோயுஸ் எம்எஸ்-19-இல் குர்ஸ் தொடர்பு தடுமாறியபோது கலத்தின் தளபதி ஷ்கப்ளெரோவ் கைமுறையில் இணைத்தார். அந்த நேரத்தில் கை தெளிவாக இருப்பது முக்கியம். எனினும், இரண்டு சுற்றில் போன சோயுஸ் எதுவும் டிஎம்ஏ-12எம் போல நடுவழியில் உந்துதலைத் தவறவிட்டுச் சோதிக்கப்படவில்லை. அங்கே நம்பிக்கை வடிவமைப்பின் மேல்தான். அனுபவம் இன்னும் சேர வேண்டும்.

சரக்குக்கு

புரோகிரஸில் போகும் எரிபொருள், தண்ணீர், உணவுக்கு இரண்டு நாளால் ஒரு குறையும் இல்லை. வேகத்தில் போகவேண்டிய மாதிரி ஏதும் இல்லாவிட்டால் 34 சுற்றே போதும். புரோகிரஸ்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன. எம்எஸ்-16, 17, 18, 19 நான்கும் இரண்டு நாள். எம்எஸ்-20 மூன்றரை மணி நேரத்தில் போனது. எம்எஸ்-21 மறுபடி இரண்டு நாள். 2023 பிப்ரவரியில், குளிர்விப்பு நீர்மம் கசிந்த சோயுஸ் எம்எஸ்-22-க்கு மாற்றாக ஆளில்லாமல் அனுப்பப்பட்ட சோயுஸ் எம்எஸ்-23-கூட 24 அன்று கிளம்பி 26 அன்றுதான் சேர்ந்தது. நிலையத்தில் இருந்த மூவருக்கான திரும்பும் கலம் அது.

அடுத்த சோயுஸ் ஏவுதல் அறிவிப்பு வரும்போது இணைப்பு நேரத்தோடு மாற்று நாளையும் பாருங்கள். முதல் நாளுக்கு மூன்று மணி நேரமும், மாற்று நாளுக்கு இரண்டு நாளும் குறித்திருந்தால், அந்தக் கால் சுற்றுதான் காரணம்.