பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிக்கு ஒன்பதிலேயே கூட்டி வருவதா, பத்தாவது முடியட்டும் என்பதா?

கணவருக்கு நியூஜெர்சிக்கு மாற்றல் வந்தபோது பெரியவன் பத்தாவதும் சின்னவள் எட்டாவதும் தொடங்கியிருந்தார்கள். "பத்தாவது பரீட்சையை எழுதிட்டுப் போகட்டும்மா, கையில ஒரு சர்ட்டிபிகேட் இருக்கும்" என்றார் மாமனார். சரி என்று கணவரை மட்டும் அனுப்பிவிட்டு ஒரு வருடம் மதுரையிலேயே இருந்தோம். அடுத்த செப்டம்பரில் ஒரே நாளில், ஒரே அரசுப் பள்ளியில், அவன் பதினொன்றிலும் அவள் ஒன்பதிலும் சேர்ந்தார்கள். ஆக, இரண்டு வழியையும் ஒரே வீட்டில் பார்த்தாயிற்று. என் ஓட்டு ஒன்பதுக்குத்தான்.

விசா விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எச்-4இல், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில், பெற்றோருடன் வரும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. தனியாக எஃப்-1 மாணவர் விசாவில் வந்தால் அரசு ஹைஸ்கூலில் அதிகபட்சம் 12 மாதம்தான், அதற்கும் முழுச் செலவைக் கட்டவேண்டும். தனியார் பள்ளிக்கு அந்த வரம்பு இல்லை. ஜே-1 விசாவில் வரும் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒரு கல்வியாண்டோடு முடிந்துவிடும். நான் சொல்வது குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு.

உச்சரிப்பு, மதிய உணவு, தோழர்கள் எல்லாம் இரண்டு பேருக்கும் கஷ்டம்தான். ஆறு மாதத்தில் பழகிவிடுகிறது.

பழகாதது மதிப்பெண் கணக்கு. இங்கே ஹைஸ்கூல் என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம். நம் ஊர் மாதிரி கடைசியில் ஒரு பொதுத்தேர்வு வந்து முந்தைய பாவத்தையெல்லாம் கழுவிவிடாது. ஒன்பதாவதின் முதல் வாரத்து வீட்டுப்பாடம், குட்டித் தேர்வு, லேப் ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றும் ஜிபிஏ என்கிற சராசரி மதிப்பெண்ணில் போய் உட்காரும். பையன் மதுரையில் கடைசி இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்தே முதல் மூன்று இடத்துக்குள் வந்தவன். அதே நினைப்பில் இங்கே முதல் இரண்டு மாதம் வீட்டுப்பாடத்தை அலட்சியமாக விட்டான். தேர்வுகளில் நன்றாக எழுதியும் ஆங்கிலத்தில் சி கிரேடுதான் வந்தது.

பெண்ணும் முதல் செமஸ்டரில், அதாவது முதல் அரையாண்டில், ஆங்கிலத்தில் சி வாங்கினாள்தான். ஆனால் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது பன்னிரண்டாவதின் இலையுதிர் காலத்தில். முன்கூட்டியே போடுகிறவர்களுக்கு நவம்பர் 1 கெடு. அந்தத் தேதியில் அவள் கையில் ஆறு செமஸ்டர் மதிப்பெண் இருக்கும். ஆறில் ஒன்று சறுக்கினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பையன் கையில் இருந்தது இரண்டே செமஸ்டர். சறுக்கியது அதில் பாதி! மதுரையில் வாங்கிய ஒன்பது, பத்தாவது மதிப்பெண்ணுக்கு எங்கள் பள்ளியில் படித்து முடித்ததாகக் கிரெடிட் கொடுத்தார்கள், ஜிபிஏவில் சேர்க்கவில்லை. 480 மார்க் எடுத்த பிள்ளை, காகிதத்தில் வெறும் 'பாஸ்'.

கல்லூரிக்கான பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். எழுத வேண்டிய ஆசிரியர்களுக்கு அவனை ஒரு வருடம்தான் தெரியும், அதிலும் பாதி நாள் வாயே திறக்காத பையனாக. போதாததற்கு, நியூஜெர்சியில் அமெரிக்க வரலாறு இரண்டு வருடம் படிக்காமல் ஹைஸ்கூல் முடித்த சான்றிதழ் கிடையாது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் பாகத்தைப் படித்தான். அந்த நேரத்தில் அவன் எடுக்க நினைத்த கம்ப்யூட்டர் வகுப்பு போயிற்று.

மாமனார் பக்கமும் நியாயம் உண்டு. கணிதத்தில் பத்தாவது பாடத்திட்டம் கைகொடுத்தது. நேராக ப்ரீகால்குலஸில், அதாவது கால்குலஸுக்கு முந்தைய மேல்நிலைக் கணக்கு வகுப்பில், உட்கார்த்திவிட்டார்கள். அதைவிட முக்கியம், திரும்பிப் போகும் வழி. வேலை போனால் எச்-1பிகாரருக்கு வேறு வேலை தேடவோ கிளம்பவோ அவகாசம் 60 நாள் வரைதான். அப்படி ஒரு நாள் வந்திருந்தால் பையன் பத்தாவது மார்க் ஷீட்டைக் காட்டி பிளஸ் ஒன் சேர்ந்திருப்பான். பெண்ணுக்கு அந்தக் காகிதம் இல்லை. அவள் பத்தாவது படித்த வருடம் கணவர் அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு ஓடியது, எனக்குத் தூக்கம் போனது உண்மை. நல்லவேளை, பேச்சோடு நின்றது. அதனால் வேலை ஆட்டம் காணும் வீடு என்றால் நான் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். நீட் எண்ணம் இருந்தாலோ, பிளஸ் டூ முடியும்வரை நகரவே வேண்டாம். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் உயிரியல், மறு வருடம் வேதியியல், அப்புறம்தான் இயற்பியல். நம் ஊர்ப் பாடத்தோடு ஒட்டவே ஒட்டாது.

இதெல்லாம் ஒரு ஊரில், ஒரு பள்ளியில் பார்த்தது. கிரெடிட் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேரும் முன்பே பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகர்) "பழைய மதிப்பெண்ணை ஜிபிஏவில் சேர்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

தங்கை மகன் இப்போது எட்டாவது. ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். தடுப்பூசி அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளவும் சொன்னேன். எங்களுடையது கப்பலில் போட்ட பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு, பள்ளி திறந்து ஒரு வாரம் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.